2.3 மடங்கு வேகம்: விண்டோஸ் 11க்கா, புது சிப்புக்கா?

கேள்வி: 2018இல் வாங்கிய லேப்டாப். ஐ5-8250யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தால்தான் டேலி திறந்திருக்கும். விண்டோஸ் 11 இரண்டு மடங்குக்கு மேல் வேகம் என்கிறார்கள். நம்பி மாற்றலாமா?

பதில்: மாறலாம், ஆனால் வேகத்தை எதிர்பார்த்து மாறாதீர்கள். உங்கள் லேப்டாப்பை இழுத்துப் பிடிப்பது விண்டோஸ் 10 அல்ல, அந்த ஹார்ட் டிஸ்க்.

நீங்கள் சொல்லும் கணக்கு 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது: விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களைவிட '2.3 மடங்கு வரை' வேகம். அடிக்குறிப்பைப் படித்தால் சாயம் வெளுத்துவிடும். விண்டோஸ் 10 பக்கம் நிறுத்தியவை இன்டெல் 6, 8, 10ஆம் தலைமுறை பிராசஸர்கள். விண்டோஸ் 11 பக்கம் 12, 13ஆம் தலைமுறை. அளந்தது, பிராசஸரின் வேகத்துக்கு மதிப்பெண் போடும் கீக்பெஞ்ச் 6 மென்பொருளின் மல்டி-கோர் சோதனையில். கோர் என்பது பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி. 6ஆம் தலைமுறை ஐ5-6200யூவில் 2 கோர். 12ஆம் தலைமுறை ஐ5-1235யூவில் 10 கோர். எல்லா கோர்களுக்கும் வேலை கொடுத்து மதிப்பெண் போடும் சோதனையில் எது ஜெயிக்கும் என்பதற்கு ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) பெயரே தேவையில்லை. பொய் என்று சொல்ல முடியாது. பழைய மாட்டு வண்டியையும் புது லாரியையும் ஓடவிட்டு, ஜெயித்தது டிரைவர் என்று சொல்வது மாதிரி.

விண்டோஸ் 11க்கு உண்மையிலேயே ஓர் அனுகூலம் உண்டு. 12ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் சிப்களில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரு வகை வந்தன. எந்த வேலையை எதில் போடுவது என்று சிப் தரும் குறிப்பை விண்டோஸ் 11 விண்டோஸ் 10ஐவிட நன்றாகப் பயன்படுத்துகிறது. உங்கள் 8250யூவில் இருப்பது ஒரே மாதிரியான 4 கோர். அங்கே பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை.

சந்தேகம் தீர நீங்களே அளந்து பாருங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டு அதே கையோடு விண்டோஸ் 11ஐயும் புதிதாக இன்ஸ்டால் செய்வது. பிறகு கம்ப்யூட்டர் பறக்கும். பெயரை ஓஎஸ் தட்டிக்கொண்டு போகும். வரிசையை மாற்றக் கூடாது: முதலில் இப்போதுள்ள நிலையில் அளவு எடுங்கள். அடுத்து அதே விண்டோஸ் 10ஐ எஸ்எஸ்டிக்கு குளோன் செய்து (அப்படியே நகலெடுத்து) அளவு எடுங்கள். கடைசியில் விண்டோஸ் 11க்கு அப்கிரேட் செய்து மூன்றாவது அளவு.

ஸ்டாப்வாட்ச் இல்லாமலே பூட் நேரத்தைப் பார்க்கலாம். விண்டோஸிலேயே உள்ள ஈவென்ட் வியூவரைத் திறந்து அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபாமன்ஸ், ஆபரேஷனல் என்று உள்ளே போங்கள். எண் 100 கொண்ட பதிவில் 'பூட் ட்யூரேஷன்' மில்லி செகண்டில் இருக்கும்; 95,000 என்றால் 95 விநாடி. டெஸ்க்டாப் தெரிந்த பிறகும் பின்னணியில் ஓடும் வேலைகள் அடங்கும்வரை இது எண்ணும். அதனால்தான் திரையில் படம் வந்தும் மவுஸ் நகராத அந்த அவஸ்தையும் கணக்கில் வந்துவிடுகிறது.

அளக்கும் முன் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்துங்கள். அது இருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது; விண்டோஸின் மையப் பகுதியான கர்னலை டிஸ்கில் சேமித்துவைத்து அடுத்த முறை அதையே எடுக்கும். ஒரு ஓஎஸ்ஸில் அது ஆனிலும் மற்றதில் ஆஃபிலும் இருந்தால் ஒப்பீடு வீண். சார்ஜர் செருகியிருக்கட்டும், பவர் மோடும் ஒன்றாக இருக்கட்டும். ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்து நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். டேலியில் உங்கள் கம்பெனி ஃபைல் திறக்கும் நேரத்தையும் போனில் அளந்து கொள்ளுங்கள். உங்களுக்கு கீக்பெஞ்சைவிட அதுதான் முக்கியம். இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் ஓஎஸ் மாறாமலே வரும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

அப்கிரேட் செய்த அன்றே அளக்காதீர்கள். இண்டெக்சிங் (தேடலுக்காக ஃபைல்களைப் பட்டியலிடுவது), அப்டேட், ஒன்டிரைவ் சிங்க் எல்லாம் ஓய இரண்டு மூன்று நாள் விடுங்கள். கெட்ட நிரல்கள் விண்டோஸின் உள்பகுதிக்குள் நுழையாமல் காக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி'யையும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் பகுதியில் இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்தால் பெரும்பாலும் தானாக ஆன் ஆகும், அப்கிரேடில் பழைய நிலையே தொடரும். இதற்குக் கொஞ்சம் வேகம் செலவாகும். கேம் ஆடுவோர் தேவைப்பட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. கணக்கும் நெட் பேங்கிங்கும் நடக்கும் மெஷினில் அதை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஒப்பிடும்போது இரு பக்கமும் ஒரே நிலையில் இருந்தால் போதும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது 2.5 இன்ச் சாட்டா (ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் அதே வகை இணைப்பு) எடுத்தால் இப்போதைய டிஸ்கின் இடத்திலேயே உட்காரும். 7 மிமீ தடிமன் பாருங்கள். எம்.2 ஸ்லாட் (குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால் அது சாட்டாவைவிட வேகமான என்விஎம்இயா, வெறும் சாட்டாவா என்று மாடலின் மேனுவலில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். ஸ்லாட்டில் பொருந்திவிட்டாலும் வேலை செய்யும் என்பதில்லை. 500 ஜிபி வாங்கினால், 1 டிபி டிஸ்கில் நிரம்பியிருப்பது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குளோன் ஆகாது. குளோன் செய்ய யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று போதும். பழைய டிஸ்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 85 சதவீதத்துக்கு மேல் நின்றால், ரேம் ஸ்லாட் காலியாக இருக்கும்பட்சத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் சேருங்கள்.

மாறுவதற்கான நிஜக் காரணம் பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 8250யூ விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் உள்ள சிப் என்பதால் குறுக்குவழி எதுவும் தேவையில்லை, டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி) பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) அணைந்திருந்தால் ஆன் செய்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரியில் 'கோ பேக்' கொடுத்துத் திரும்பலாம். அதுவரை 'இடம் அடைக்கிறது' என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.