வாசகர் கேள்வி – பதில்: 38 புள்ளி சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: மகள் தரம் 11. தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 38. "பாஸ்தானே" என்கிறார்கள். உயர்தரத்தில் வர்த்தகம் படிக்க ஆசைப்படுகிறாள். இது போதுமா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: சித்திக்குப் போதும் அம்மா. சாதாரண தரத்தில் 35 முதல் 49 வரை எஸ் (சாதாரண சித்தி), 50இலிருந்து சி (திறமைச் சித்தி). ஆனால் அந்த 38 எந்தக் கேள்விகளிலிருந்து வந்தது என்று விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். சாதாரண தர அமைப்பில், முதல் வினாத்தாளின் 25 சிறுவினாக்களுக்கு 50, அதே தாளின் ‘பி’ பகுதிக்கு 50, இரண்டாம் வினாத்தாளுக்கு 100; மொத்தம் 200, அதன் பாதிதான் இறுதிப் புள்ளி. சிறுவினாக்களில் 40, பகுதி பியில் 10, இரண்டாம் தாளில் இடை (சராசரி), வரைபு, சதவீதம் என்ற மூன்று கணக்கில் 26 எடுத்தாலே 38 வந்துவிடும். இரண்டாம் தாளில் கேத்திரகணிதத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அந்த மூன்றும் புரிந்ததா, பழக்கமா என்பதையும் பாருங்கள். 0–10, 10–20, 20–30 ஆகிய வகுப்பாயிடைகளின் மீடிறன்கள் (ஒவ்வொன்றிலும் உள்ள தரவுகளின் எண்ணிக்கை) 4, 6, 10 என்று கொடுங்கள். நடுப்பெறுமானங்கள் 5, 15, 25. பெருக்கிக் கூட்டினால் 360, அதை 20ஆல் வகுத்தால் இடை 18. இதைச் செய்துவிடுவாள். அடுத்து, "மீடிறன்கள் 8, 12, 20 ஆனால் இடை என்ன?" என்று கேளுங்கள். கணக்கிடாமலே "அதே 18" என்று காரணத்தோடு சொன்னால் விளங்கியிருக்கிறது. 36 என்றால் படிமுறை மட்டும்தான் மனப்பாடம். 360ஐ வகுப்பாயிடைகளின் எண்ணிக்கையான 3ஆல் வகுத்து 120 என்று எழுதும் பிள்ளைகளும் நிறைய. 30க்கு மேல் ஒரு தரவும் இல்லாத இடத்தில் இடை 120 வராதே என்று அவர்களுக்குத் தோன்றாததுதான் எனக்குக் கவலை.

வர்த்தகத்தில் கணக்கீட்டுப் பாடத்துக்குச் சதவீதமும் விகிதமும் வேண்டும். பெறுமானத்தேய்வு, அதாவது சொத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு குறைவதைக் கணக்கிடுவது, முழுக்க அதுதான். பொருளியலில் வரைபின் சாய்வு தெரியாமல் நெகிழ்ச்சி (விலை மாறும்போது கேள்வி எவ்வளவு மாறும் என்பது போன்றவை) விளங்காது. ஆகவே தவறிய சிறுவினாக்களை முதலில் எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு அலகைக் காட்டிக்கொடுக்கும். பின்னமும் குறி மாற்றமும் தடுமாறினால் தரம் 9 பாடநூலுக்கே திரும்புவது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிமூல நூல்கள் இலவசமாகவே கிடைக்கும்.

கேள்வி: கடந்தகால வினாத்தாள்களைச் செய்துகொண்டே இருந்தால் போதுமா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: விடையைப் பார்த்துப் பார்த்துச் செய்தால் போதாது. வாரத்துக்கு ஒரு வினாத்தாள், மணிக்கூட்டை வைத்துச் செய்யட்டும். பிழைத்த வினாவைத் திருத்தியதும் மூடிவைத்து, பத்து நாள் கழித்து இலக்கங்களை மாற்றி வெறும் தாளில் செய்யச் சொல்லுங்கள். அன்றைக்கும் பிழைத்தால் இன்னொரு வினாத்தாள் வாங்க வேண்டாம். அந்த அலகை ஆசிரியரிடம் திரும்பக் கேட்டுப் படிக்க வேண்டும்.