இழுத்தால் கையோடு வரும் மஞ்சள்

கேள்வி: ஐயா, திருமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில் வைகாசியில் மஞ்சள் நட்டேன். போன பொங்கலுக்கு மாட்டுத்தாவணியில் வாங்கிய கொத்தின் கிழங்குதான் விதை. புரட்டாசி வரை செழிப்பாக இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு கீழ் இலைகள் ஓரம் காய்ந்து மஞ்சளாகின்றன. தண்டு இழுத்தால் கையோடு வருகிறது. கடையில் கொடுத்த பயிர் டானிக்கை இருமுறை தெளித்தும் பலனில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இது கிழங்கு அழுகல், அம்மா. கையோடு வந்த தண்டின் அடியை முகர்ந்து பாருங்கள், நாற்றம் அடிக்கும். தண்ணீர் தேங்கும் மண்ணில் பித்தியம் என்ற பூஞ்சாணம் செய்யும் வேலை. மண்ணுக்குள் நடக்கும் அழுகலுக்கு இலைமேல் டானிக் எதற்கு? செடியைப் பார்க்காமலே பாட்டிலை நீட்டும் கடைக்காரருக்கு மட்டுமே அதனால் லாபம்.

அழுகிய தூர்களைச் சுற்றுமண்ணோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றின் தூரில், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியைக் கரைத்து மண் நனைய ஊற்றுங்கள். துவைக்கும் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். தப்பிய தூர்கள் பொங்கலுக்கு ஆகும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது விதையைப் பற்றி. கொத்துக்கு விற்கும் மஞ்சளை இலை பச்சையாக இருக்கும்போதே பிடுங்கிவிடுகிறார்கள். இலை காய்ந்து சாயும்வரை மண்ணில் கிடந்த கிழங்குதான் விதைக்கு முற்றியது. கொத்துக்கிழங்கு வைகாசிக்குள் சுருங்கிப்போகும். அது வளர்ந்த வயலில் அழுகல் இருந்ததா என்பதும் நமக்குத் தெரியாது. நோயை நாமே காசு கொடுத்து வாங்கி, மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டு, கொல்லையில் நடுகிறோம்!

விதைக்கிழங்கை ஒடித்துப் பாருங்கள். உள்ளே ஈரப்பசையோடு ஒரே நிறமாக இருக்க வேண்டும். பழுப்பு படர்ந்திருந்தாலும், தோலில் வெளிறிய செதில்பூச்சி அப்பியிருந்தாலும் ஒதுக்குங்கள். தேறியதை நிழலில் குவித்து மஞ்சள் செடியின் இலையால் மூடி வைத்தால் நடவு வரை தாங்கும். அறுவடை நேரத்தில் நோயில்லாத தோட்டத்துக்கு நேரில் போய் இரண்டு கிலோ வாங்கி வருவதே என் யோசனை. லக்கடாங் என்று பெயரிட்டு நூறு கிராமைத் தங்க விலைக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள். அது மேகாலயா மலையில் பெயர் வாங்கிய மஞ்சள். திருமங்கலத்துக் கரிசலில் அதே சத்து வரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்த வைகாசியில் அதே இடத்தில் மஞ்சளோ இஞ்சியோ வேண்டாம். இடமில்லையென்றால் அடியில் துளையிட்ட சாக்கில் மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நடுங்கள். அழுகலை அடக்கும் உயிருள்ள நன்மைப் பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலடிக்கும் அலமாரியில் கிடந்த பொட்டலம் வெறும் மாவுதான்.