லாகின் ஆகிறது, குரூப்பை வைத்த பாலிசி மட்டும் தடுக்கிறது
வணக்கம். விர்ச்சுவல் டைரக்டரி (ஆக்டிவ் டைரக்டரி போன்ற பயனர் பட்டியல்களைத் தன் மரத்தில் காட்டும் இடைமென்பொருள்) வழியாக லாகின் ஆகிறது, ஆனால் அணுகல் மென்பொருளில் குரூப்பை வைத்து எழுதிய பாலிசி எல்லாரையும் தடுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பைண்ட் (பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் படி) சரியாகவே நடக்கிறது, பாஸ்வேர்டை விட்டுவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் குரூப்பின் உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கும் 'மெம்பர்' பண்பின் மேல்தான். பயனரின் டிஎன் (டைரக்டரி மரத்தில் அவருடைய முழு முகவரி) விர்ச்சுவல் மரத்துக்கு ஏற்ப மாறி வருகிறது. குரூப்புக்குள் இருப்பதோ ஆக்டிவ் டைரக்டரியின் பழைய டிஎன். இரண்டும் பொருந்தாவிட்டால் அவர் உறுப்பினரே இல்லை என்றாகிவிடும். விர்ச்சுவல் டைரக்டரியை ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கும் அடாப்டரில், டிஎன் மாற்ற வேண்டிய பண்புகளில் 'மெம்பர்', 'மெம்பர்ஆஃப்' (பயனர் இருக்கும் குரூப்புகளின் பட்டியல்) இரண்டையும் சேருங்கள். பிறகு ஒரு குரூப்பை எல்டாப்சர்ச்சில் (டைரக்டரியில் தேடும் கட்டளை) தேடிப் பாருங்கள். அணுகல் மென்பொருளின் சர்வீஸ் கணக்கிலேயே தேடுங்கள். அட்மின் கணக்கில் உரிமைக் குறைபாடு தெரியாது.

குரூப்பில் 1500 பேருக்கு மேல் இருந்தால், ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஒரு தடவைக்கு 1500 பேரைத்தான் தரும். மீதியை அடாப்டர் ரேஞ்ச் போட்டு, அதாவது பகுதி பகுதியாக, கேட்கிறதா என்றும் பாருங்கள். எல்டாப்சர்ச் முடிவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.