கயிற்றுக்கு உள்ளேயா, வெளியேயா? பிரேசில் கார்னிவல் கேள்வி பதில்

சாவோ பாலோவில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் இணையர் பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரை நகரமான சால்வடோரைச் சேர்ந்தவர். ஆகவே ரியோவா சால்வடோரா என்ற வழக்கில் நான் நடுவர் இல்லை, கட்சிக்காரன். 2027 கார்னிவல் பிப்ரவரி 6 சனிக்கிழமை தொடங்கி 9 செவ்வாய் வரை. நம் தன்பாலீர்ப்பு, திருநர் நண்பர்கள் கேட்ட கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கேட்டவர்களின் ஊர் மட்டும் போதும் என்று பெயர்களை விட்டுவிட்டேன்.

கோயம்புத்தூர்: நானும் என் துணைவரும் பாங்காக்கைத் தாண்டிப் போனதில்லை. ரியோவா, சால்வடோரா?

முதல் பயணம் என்றால் ரியோ. என் வீட்டில் இதைப் படித்தால் இன்று இரவு சோறு கிடைக்காது.

ரியோவில் நடப்பது ஒரு கார்னிவல் அல்ல, இரண்டு. ஒன்று நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் சம்பாத்ரோமோ: கட்டடக் கலைஞர் நீமேயர் வடிவமைத்து 1984இல் திறந்த, ஏறக்குறைய 700 மீட்டர் நீளமுள்ள அணிவகுப்புத் தெரு. முதல்நிலைச் சம்பா பள்ளிகளின் (பாடம் நடத்தும் பள்ளிகள் அல்ல, ஆடிப் பாடிப் போட்டியிடும் பகுதிவாசிகளின் சங்கங்கள்) அணிவகுப்பு 2025 முதல் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று இரவுகளாக நடக்கிறது. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியற்காலை வரை போகும். ஓர் இரவு போதும். பார்வையாளர் வரிசைகளின் ஒன்பதாம் பிரிவில் எண்ணிட்ட இருக்கை உண்டு, ஆகவே மாலை நான்கு மணிக்கே போய் இடம் பிடிக்க வேண்டியதில்லை. மெட்ரோவில் போங்கள்: ஒற்றைப்படைப் பிரிவுகளுக்குச் சென்ட்ரல் நிலையம், இரட்டைப்படைக்குப் பிராசா ஒன்சே. தவறான பக்கம் இறங்கிவிட்டால் நள்ளிரவில் பெரிய சுற்று.

இரண்டாவது, தெருக் கார்னிவல். ப்ளோக்கோ என்று பெயர். கட்டணம் இல்லை, வேலி இல்லை. ஒரு வாத்தியக் குழு நகரும், ஊரே பின்னால் நகரும். நமக்கான கொண்டாட்டம் பெரும்பாலும் இங்கேதான். 1965இல் தொடங்கிய பண்டா டி இபனேமா என்ற ப்ளோக்கோவைத் தவறவிடாதீர்கள். இறகும் மினுக்கும் உயர்குதிகால் செருப்புமாகப் பெண்வேடமிட்ட ஆண்கள், பக்கத்தில் பேரக்குழந்தையைத் தோளில் வைத்த தாத்தா, யாரும் யாரையும் முறைப்பதில்லை. சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் மாலையில் இபனேமாவில் கிளம்பும். பகலில் அதே இபனேமாக் கடற்கரையில் ஃபார்மே டி அமோயேதோ தெருவின் நேர் எதிரே, வானவில் கொடி பறக்கும் இடம் நம்முடையது. அங்கே முழங்கால்வரை நீளும் கால்சட்டையோடு போகாதீர்கள். எல்லோரும் சுங்கா என்ற சிறிய நீச்சலுடையில்தான் இருப்பார்கள். தொப்பையைப் பற்றி அந்த ஊரில் யாரும் கவலைப்படுவதில்லை.

தங்குமிடத்தை இன்றே பாருங்கள். பெரும்பாலான இடங்களில் நான்கைந்து இரவுகள் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

திருச்சி: விசா வேண்டுமா? தடுப்பூசி?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். தடுப்பூசியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள், கவனமாகக் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பினால், விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமை முகாமுக்கு அழைத்துப் போக அதிகாரிகளுக்கு உரிமை உண்டு, ஆறு நாள் வரை. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அட்டை கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

சென்னை: கைகோத்து நடக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து பிரேசில் நீக்கியது 1830இன் தண்டனைச் சட்டத்தில். நாம் 2018 வரை காத்திருந்தோம். அங்கே 2013 முதல் திருமணப் பதிவு நாடு முழுவதும் உண்டு. 2019இல் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பாளர், திருநர் மீதான வெறுப்பை இனவெறிச் சட்டத்தின் கீழ்க் குற்றமாக்கியது.

ஆனால் தாள் வேறு, தெரு வேறு. திருநர் கொலைகள் மிக அதிகமாகப் பதிவாகும் நாடும் இதுதான். கார்னிவலில் பாவாடை கட்டி உதட்டுச்சாயம் பூசி ஆடும் ஆண்களில் பலர் கார்னிவல் முடிந்த மறுநாளான சாம்பல் புதனன்று வேறு ஆளாக எழுந்திருப்பார்கள். அது வேடம், வாக்குறுதி அல்ல. இபனேமாவில், கோபகபானாவில், ப்ளோக்கோவுக்குள் தாராளமாகக் கைகோத்து நடங்கள். பின்னிரவில் ஆளற்ற சந்தில் வேண்டாம். அந்தச் சந்தில் கை கோக்காமலும் நடக்க வேண்டாம்.

சிங்கப்பூர்: கைப்பேசியில் படம் எடுக்கலாமா?

முதலில் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய, மலிவான கைப்பேசி ஒன்றைத் தெருவுக்கு எடுத்துப் போங்கள். உங்கள் நல்ல கைப்பேசி அறையின் பெட்டகத்தில் தூங்கட்டும். ஊர்க்காரர்களே 'திருடனுக்கான கைப்பேசி' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். பணமும் ஒரு அட்டையும் சட்டைக்குள் இடுப்புப் பட்டையில். கேட்டால் கொடுத்துவிடுங்கள், வீரம் வேண்டாம். என் முதல் கார்னிவலில் முத்தமிட்டவர் போன பிறகுதான் கைப்பேசியும் போயிருந்தது தெரிந்தது. முத்தம் நன்றாகத்தான் இருந்தது.

மதுரை, வயது 58: தனியாக வருகிறேன். இளைஞர் கூட்டத்தில் நான் கேலிப்பொருள் ஆவேனா அண்ணா?

நீங்கள்தான் எனக்கு அண்ணன். வாருங்கள். பண்டா டி இபனேமாவில் எழுபதைத் தாண்டிய ராணிகளைப் பார்ப்பீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிப்ரவரி வெயில் நம் சித்திரையை நினைவுபடுத்தும்.

பெங்களூரு: வேடிக்கை பார்க்காமல் சம்பாத்ரோமோவில் நானே ஆட முடியுமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். முடியும். பல பள்ளிகள் தங்கள் அணிகளில் சிலவற்றின் உடைகளை வெளியாட்களுக்கு விற்கின்றன. உடையை வாங்கினால் அந்த அணியில் ஓரிடம் உங்களுக்கு.

ஆனால் இது போட்டி. ஒன்பது தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் கோப்பை கைமாறும். தாளக் குழு, பாட்டு, கதை, உடை, தேர்கள் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்று 'இசைவு': ஆடுபவர்கள் எல்லோரும் பாடுகிறார்களா என்று பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நடக்கும் வெளிநாட்டவரால் ஆண்டு முழுவதும் தைத்த, பசை ஒட்டிய, சுமந்த ஒரு குடிசைப் பகுதியின் உழைப்புக்குப் பங்கம் வரும். அந்த ஆண்டின் பாட்டைப் போர்ச்சுகீசிய மொழியில் மனப்பாடம் செய்யுங்கள். திருப்புகழ் மனப்பாடம் செய்த நாக்குக்கு இது ஒன்றும் பெரிதில்லை. அணியில் இடைவெளி விழக்கூடாது, தேர் நின்றாலும் நீங்கள் நிற்கக்கூடாது. தலைக்கவசம் கனக்கும், தோளில் காயம் வரும், கழிப்பறை கிடையாது. தாளக் குழு உங்களைக் கடக்கும் அந்த நிமிடத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் வரலாறும் அந்தத் தெருவில் உண்டு. 2025இல் பரைசோ டோ துயுதி என்ற பள்ளி ஷிகா மானிகோங்கோவைக் கதையாக எடுத்தது. காங்கோவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, 16ஆம் நூற்றாண்டுச் சால்வடோரில் செருப்புத் தைத்தவர். ஆணுடை உடுத்த மறுத்ததற்காக மத விசாரணை மன்றத்திடம் காட்டிக்கொடுக்கப்பட்டவர். பிரேசிலின் ஆவணங்களில் தெரியவரும் முதல் திருநங்கை என்று இன்று கொண்டாடுகிறார்கள்.

பணம் குறைவு என்றால் கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் வாருங்கள். அதே தெருவில் ஒத்திகை நடக்கும், கட்டணமில்லை.

துபாய்: நல்ல கேமரா உள்ள கைப்பேசி வாங்கியிருக்கிறேன்...

சிங்கப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாரிஸ்: சால்வடோரில் ஆயிரக்கணக்கான ஆண்கள் காந்தி பெயரில் தலைப்பாகை கட்டி ஊர்வலம் போவது உண்மையா?

உண்மை. 1949இல் சால்வடோர் துறைமுகச் சுமைத் தொழிலாளர்கள் தொடங்கியது. பெயர் ஃபில்யோஸ் டி கான்டி, 'காந்தியின் மக்கள்'. முந்தைய ஆண்டுதான் காந்தி கொல்லப்பட்டிருந்தார். வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, நீலமும் வெள்ளையுமான மணிமாலை, லாவெண்டர் வாசனை நீர். ஆப்பிரிக்க வழி வந்த காண்டொம்ப்ளே சமயத்தின் இசையைத் தெருவுக்குக் கொண்டுவரும் அஃபோஷே வகை ஊர்வலம். என் இணையரின் பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவருடைய மாலை எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

மதுரையிலிருந்து இன்னொருவர்: மாலை கொடுத்து முத்தம் வாங்குகிறார்களாமே. இது காந்தியைக் கேவலப்படுத்துவது இல்லையா?

மாலைக்கு முத்தம் என்ற வழக்கம் உண்டு. பெரும்பாலும் பெண்களிடம் கேட்பார்கள்; ஆண்களுக்குள் மாலை கைமாறுவதையும் பார்த்திருக்கிறேன். கேவலம் எங்கே வந்தது? கறுப்பினத் தொழிலாளர்கள் கூடினாலே போலீஸ் சந்தேகப்பட்ட காலத்தில், அமைதியின் பெயரைச் சூடித் தெருவில் இறங்கினார்கள். நம் ஊரில் அவர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை மாலை போடுகிறோம். எது மரியாதை என்று நீங்களே சொல்லுங்கள்.

சென்னை, திருநம்பி: 'காந்தியின் மக்கள்' ஊர்வலத்தில் என்னைப் போன்றவர்களைச் சேர்ப்பார்களா? கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகப் பதில் சொல்லாதீர்கள்.

நழுவவில்லை. 2025இல் வெளியிட்ட நிபந்தனைகளில், பிறப்பிலேயே ஆணாகப் பதிவானவர்களுக்கு மட்டுமே இடம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். கண்டனம் கிளம்பியதும் அந்தச் சொல்லை நீக்கினார்கள். 'ஆண்' என்பது மட்டும் நின்றது. சொல்லை நீக்கியது வரவேற்பு ஆகுமா? நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். உடை வாங்கும் முன் நேரில் கேளுங்கள்.

பாரிஸ்: பெண்களைச் சேர்க்காத, திருநம்பிகளைத் தயங்கிச் சேர்க்கும் சங்கத்தை நீங்கள் ஏன் இவ்வளவு புகழ்கிறீர்கள்?

அடி சரியான இடத்தில் விழுந்தது. பெண்களுக்கு 'காந்தியின் மகள்கள்' என்று தனி அஃபோஷே உண்டு என்று சொல்லித் தப்பிக்கலாம், அது பதில் ஆகாது. ஞாயிறு பிற்பகல் சால்வடோரின் பழைய நகரப் பகுதியான பெலோரின்யோவின் கல் பாவிய சரிவில் அந்த வெள்ளை வெள்ளம் இறங்கும்போது எனக்குக் கண் நிறைகிறது. அந்த வெள்ளத்தில் யாருக்கு இடமில்லை என்று என் இணையர் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் சண்டை நடக்கிறது. போன ஆண்டு மைத்துனி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

மதுரை: இருந்தாலும் காந்தி...

ஐயா, போதும்.

டொராண்டோ: சால்வடோரில் கயிற்றுக்கு உள்ளே, வெளியே என்கிறார்களே, என்ன அது?

1950இல் டோடோவும் ஒஸ்மாரும் ஒரு பழைய காரில் ஒலிபெருக்கி கட்டி வாசித்துக்கொண்டே போனார்கள். அதுதான் இன்று ராட்சத லாரியாக வளர்ந்த ட்ரியோ எலெட்ரிகோ. லாரியைச் சுற்றி ஒரு கயிறு. அபடா என்ற சட்டையைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே. வாங்காதவர்கள் வெளியே, அவர்களுக்குப் 'பொரி' என்று பெயர், சோளப்பொரி போலத் துள்ளுவதால். கயிற்றைப் பிடித்து நடப்பவர்கள் குறைந்த கூலிக்கு வந்த ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். அதைப் பார்த்துவிட்டு உள்ளே ஆடுவது எனக்குக் கசக்கிறது. முதல் முறை வருபவரிடம் வெளியே நில்லுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒருநாள் உள்ளே ஆடுங்கள். 2013இல் தன் பெண் துணையை உலகறிய அறிவித்த பாடகி டானியெலா மெர்குரியின் லாரியோடு போகும் குரோகோடிலோ என்ற குழு நம் கூட்டத்துக்குப் பிடித்தது. மறுநாள் வெளியே, வெறுங்கையோடு. போலீசார் ஒற்றை வரிசையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவார்கள். வழிவிடுங்கள், விளக்கம் கேட்காதீர்கள்.

கனடாக் கடவுச்சீட்டுக்கும் 2025 ஏப்ரல் முதல் விசா வேண்டும், மறக்காதீர்கள்.

ஹைதராபாத்: செயலியில் பழகியவரை அறைக்கு அழைக்கலாமா?

முதலில் கூட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். முன்பின் தெரியாத முகவரிக்கு நீங்கள் போகவே வேண்டாம். அப்படிப் போனவர்களைப் பிடித்துவைத்துப் பணம் பறிப்பது இங்கே தனித் தொழில். குடிப்பதை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். மயக்கமருந்து கலந்து கொள்ளையடிப்பதற்கு இந்த ஊரில் 'குட்நைட் சிண்ட்ரெல்லா' என்று பெயரே இருக்கிறது.

புனே: ஆணுறை, மாத்திரை?

ஆணுறை இலவசமாகக் கிடைக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் பேசித் தொடங்கி வாருங்கள். பாதுகாப்பு தவறிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வெளிநாட்டவருக்கும் 28 நாள் மருந்து இலவசம். வெட்கப்பட்டு மூன்றாம் நாள் வரை அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

கொச்சி: முத்தமிட விரும்பினால் எப்படிக் கேட்பது?

கண்ணைப் பார்த்து. இல்லை என்றால் இல்லை. அனுமதியின்றிப் பாலியல் நோக்கில் தொடுவது 2018 முதல் தனிக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை.

அபுதாபி: கைப்பேசி...

இல்லை.

சேலம்: புதன்கிழமையே திரும்பி விமானம் ஏறிவிடலாமா?

ஏன் அவசரம்? புதன் பிற்பகல் மதிப்பெண்களை ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியில் வாசிப்பார்கள். நகரமே தேர்வு முடிவு பார்க்கும் வீடு போல இருக்கும். வென்ற பள்ளிகள் 13ஆம் தேதி சனிக்கிழமை மறுபடி ஆடும். டிக்கெட்டும் மலிவு, கூட்டமும் நிதானம். ஞாயிற்றுக்கிழமைக்கு விமானம் போடுங்கள். மஞ்சள் அட்டை எங்கே இருக்க வேண்டும் என்று இன்னொரு முறை சொல்லமாட்டேன்.