பயணத்தில் குழந்தையின் பால் பாட்டிலைக் கிருமியின்றி வைத்திருப்பது எப்படி?

கழுவுதல் என்பது பால் பிசுக்கை நீக்குவது. கிருமிநீக்கம் என்பது அதற்குப் பின்னும் எஞ்சும் கிருமிகளைக் கொதிநீராலோ நீராவியாலோ அழிப்பது. தயிர் ஒட்டிய பாத்திரத்தைச் சரியாகத் தேய்க்காமல் பால் ஊற்றினால் அந்தப் பாலும் உறைந்துவிடுவதைப் போல, நிப்பிளின் உள்விளிம்பிலும் மூடியின் மரையிலும் தங்கும் சிறு படலமே அடுத்த பாலில் கிருமிகள் பெருகப் போதுமானது. வேலூரின் கத்திரி வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

ஆகவே காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முன், வீட்டிலேயே எல்லாப் பாகங்களையும் கழற்றி, சோப்பு நீரில் பிரஷ் கொண்டு தேய்த்து, முழுவதும் மூழ்கும்படி 10 நிமிடம் கொதிக்கவிட்டு, துணியால் துடைக்காமல் காற்றில் உலர்த்தி, மூடிய டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் எத்தனை முறை பால் தேவைப்படுமோ அத்தனை பாட்டில்களைக் கொண்டுசெல்வதே சிறந்தது. ரயில் பெட்டியின் குழாய் நீரில் அவற்றை அலசவே கூடாது. பால் புகட்டப் பயன்படும், இடுக்கில்லாத சிறு கிண்ணங்களான பாலாடையோ சங்கோ சுத்தம் செய்ய எளிது என்பதால், பழகிய குழந்தைக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். குழந்தை குடித்து மீதம் வைத்த பாலை 1 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

பிளாஸ்க் வெந்நீரை ஊற்றிக் குலுக்கினாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஊற்றிய உடனே நீர் ஆறத் தொடங்குவதால், அது அலசுவதாகுமே தவிர கிருமிநீக்கம் ஆகாது.