ப்ராக் பிரிண்ட்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

போன வாரம் நீங்க போட்டிருந்த ப்ராக் நகரத்து பழைய பிரிண்ட்ட பெருசு பண்ணி பாத்தேன். மலைமேல நின்னு பாக்குற மாதிரி ஊரே தெரியுது. ஆனா கீழ ஆன்ட்வெர்ப், 1649னு இருக்கே, வேற நாட்டுல உக்காந்து செஞ்சத எப்படி நம்புறது? நான் அதே பெட்ரின் மலையில நின்னிருக்கேன், அங்க கண்ணுல முதல்ல படுற பெரிய பச்ச குவிமாடம் இதுல இல்லவே இல்ல. மனசுல தோணினத வரைஞ்சிட்டாரோ?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

குவிமாடம் இல்லாததுதான் சரி. நீங்க பாத்தது செயின்ட் நிக்கோலஸ் சர்ச், அத கட்டவே 1704லதான் ஆரம்பிச்சாங்க. ஊருக்கு நடுவுல ஆத்துமேல இருக்குற சார்லஸ் பாலத்துல இன்னிக்கு நிக்கிற சிலை வரிசையும் பெரும்பாலும் 1683க்கு அப்புறம் வந்ததுதான்.

அந்த 1649க்கு பக்கத்துல இருக்குற லத்தீன் வரிய இன்னொரு தடவ பாருங்க, அதுல இன்னொரு வருஷமும் இருக்கு, 1636. தன் சொந்த ஊர செயின்ட் லாரன்ஸ் மலையில இருந்து அந்த வருஷம் வரைஞ்சதாவும், ஆன்ட்வெர்ப்ல 1649ல தகட்டுல ஏத்தினதாவும் இத வரைஞ்ச ஓவியர் ஹாலரே எழுதி வச்சிருக்காரு. செயின்ட் லாரன்ஸ் மலைங்கறது பெட்ரின்தான்.

வென்செஸ்லாஸ் ஹாலர் ப்ராக்ல 1607ல பொறந்தவரு, இருபது வயசுல ஊர விட்டு கிளம்பிட்டாரு. 1636ல இங்கிலாந்து ராஜா அனுப்பின தூதர் அருண்டெல் பிரபுவோட குழுவுல சேந்து, ஐரோப்பாவ உலுக்கின முப்பது வருஷப் போர் நடந்துட்டு இருக்கும்போதே ஊருக்கு வர்றாரு, அந்த கொஞ்ச நாள்லதான் மலையேறி வரைஞ்சது. அப்புறம் லண்டன், அங்கயும் உள்நாட்டுப் போர் வந்ததும் ஆன்ட்வெர்ப்.

செப்புத் தகட்டுல மெழுகு பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல ஊற வச்சு, மை தடவி பேப்பர்ல அழுத்தினா இடது வலதா வரும். அதனால கோட்டை இடது பக்கம் விழணும்னா தகட்டுல வலது பக்கம் கீறணும், ஆறு, பாலம், ஒவ்வொரு கூரையும் அப்படித்தான். பதிமூணு வருஷம் பத்திரமா வச்சிருந்த ஸ்கெட்ச்ச முன்னால வச்சுக்கிட்டு, பொறந்த ஊர முழுசா திருப்பிப் போட்டு கீறியிருக்காரு அந்த மனுஷன். இத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கனத்துப் போகுது.

ஏன்னா அதே முப்பது வருஷப் போர்ல, 1648 ஜூலையில ஸ்வீடன் படை கோட்டையையும் அதுக்குக் கீழ இருக்குற மாலா ஸ்ட்ரானாவையும் பிடிச்சிடுச்சு. முன்னாடி ப்ராக்ல இருந்து ஆண்ட பேரரசர் ருடால்ஃப் சேத்து வச்ச ஓவியம், புத்தகம்லாம் கொள்ளை போச்சு, அதுல ஒண்ணான கோடெக்ஸ் கிகாஸ்ங்கற ராட்சஸ புத்தகம் இன்னிக்கும் ஸ்டாக்ஹோம்ல இருக்கு. சண்டை பாலத்துக்கு வந்து அங்கயே நின்னுது, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஓல்டு டவுன் விழல. பிரிண்ட் வந்தது அதுக்கு அடுத்த வருஷம். அதனால 1649ங்கறத மட்டும் பாத்துட்டு போருக்கு அப்புறம் இருந்த ப்ராக் இதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கொள்ளைக்கு பன்னெண்டு வருஷம் முந்தின ஊரு இது.

மறுபடி ப்ராக் போனா பாலத்தோட ஓல்டு டவுன் பக்கத்து கோபுரத்த பாருங்க. கிழக்கு முகத்துல சிற்பமெல்லாம் அப்படியே இருக்கும், மேற்கு முகம் வெறிச்சோடி நிக்கும், அந்த முற்றுகையில செதஞ்சது. ஹாலர் மலையில உக்காந்து வரைஞ்ச அன்னிக்கு அந்த மேற்கு முகம்தான் சிற்பத்தோட அவர பாத்து நின்னுட்டு இருந்துச்சு.