‘ப்ரீஸின்’ ஆல்பத்தில் எதைக் கேட்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சனின் ‘ப்ரீஸின்’ ஆல்பத்தை நீங்கள் சொன்ன பிறகு மூன்று முறை கேட்டேன். இதமாக இருக்கிறது, ஆனால் முடிந்ததும் மனதில் ஒன்றும் நிற்கவில்லை. லிஃப்டில் ஓடும் இசைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இரண்டு வருடமாக கிதார் பழகுகிறேன். அவருடைய ஆக்டேவ் வாசிப்பை, அதாவது ஒரே சுரத்தைக் கீழ், மேல் ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிப்பதை, முயன்றால் இரைச்சல்தான் வருகிறது.

கே.

அன்புள்ள கே,

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் பாதி ஆல்பம் உங்களிடம் வந்தே சேரவில்லை. ஸ்டான்லி பேங்க்ஸின் பேஸ் கிதார் அதில் எடுபடாது. பேஸ் போய்விட்டால் ஹார்வி மேசனின் டிரம்ஸும் பிடிமானம் இழந்துவிடும். மிஞ்சுவது மேலே மிதக்கும் மெட்டு மட்டும். நீங்கள் சொல்லும் லிஃப்ட் இசை அதுதான். ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் தாளம் பிடிக்கும் ரிதம் கிதார் அமுங்கிப்போகும்.

இந்த ஆல்பத்துக்கு அந்த ரிதம் கிதார்தான் உயிர். அதை வாசித்தவர் ஃபில் அப்சர்ச். முதல் பாட்டான ‘ப்ரீஸி’னை ஒருமுறை பென்சனை விட்டுவிட்டு அவரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். சின்னச் சின்ன வெட்டுகள். தந்தியைத் தட்டியதுமே விரல் தளர்ந்து ஒலி அடங்கிவிடுகிறது. அப்படி விட்டுவைத்த இடத்தில்தான் பென்சனின் மெட்டு மூச்சு விடுகிறது. இதே மெட்டை ஹங்கேரிய கிதார் கலைஞர் காபோர் சாபோ, அதை எழுதிய பாபி வோமாக்கோடு சேர்ந்து வாசித்த பதிவு 1971இல் வெளிவந்தது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் டாமி லிபூமாதான். அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே மெட்டு குழுவுக்குக் குழு எப்படி மாறுகிறது என்பது புரியும்.

ஆல்பம் வந்தது 1976இல். இதமான, மென்மையான ஜாஸைக் குறிக்கும் ‘ஸ்மூத் ஜாஸ்’ என்ற பெயர் அமெரிக்க வானொலிகளில் பரவியதெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து. ஆகவே அந்த முத்திரையை வைத்து இதை அளக்காதீர்கள். ஆறு பாட்டுகளில் பென்சன் வாய்திறந்து பாடுவது ஒன்றில் மட்டும்: லியோன் ரஸ்ஸல் எழுதிய ‘திஸ் மாஸ்கரேட்’. கிராமியில் ஆண்டின் சிறந்த பதிவு என்ற விருது அதற்குத்தான் கிடைத்தது. எட்டு நிமிடப் பாட்டு. சிங்கிளாக வந்த சுருக்கிய வடிவத்தைக் கேட்காதீர்கள். வரி தொடங்கும் இடத்தில் கார்டுக்குள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்குள், ஒரு சுரம் படிப்படியாக இறங்குகிறது: மேல் ஸட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம். பாடல் அரைச்சுரம் அரைச்சுரமாகச் சோர்ந்து இறங்குவது இதனால்தான். அதே பாட்டின் தொடக்கத்தில் கிதாரில் வாசிக்கும் சுரங்களைக் கூடவே வாயாலும் பாடுகிறார். குரலும் தந்தியும் ஒரே நொடியில் விழுகின்றன. வாயால் பாட முடியாததை விரல் வாசிப்பதில்லை. அதனால்தான் வேகமான சங்கதிகளும் பேச்சு மாதிரி இருக்கின்றன. ஹோர்ஹே டால்டோவின் பியானோ தனியாவர்த்தனத்தையும் தவற விடாதீர்கள். க்ளாஸ் ஓகர்மன் அமைத்த வயலின் கூட்டம் கிதாரோடு போட்டியிடாமல் பின்னணியில் விரிந்து கிடக்கிறது.

இனி உங்கள் இரைச்சல். 6, 4 அல்லது 5, 3 தந்திகளில் (மிகத் தடித்தது 6, மிக மெல்லியது 1) ஆக்டேவ் பிடித்தால் மேல்சுரம் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் உள்ள கட்டை) தள்ளி இருக்கும். 4, 2 அல்லது 3, 1 என்றால் மூன்று ஃப்ரெட், ஏனென்றால் 3க்கும் 2க்கும் இடையிலான சுருதி இடைவெளி மற்றவற்றைவிட அரைச்சுரம் குறைவு. பெரும்பாலோர் தடுமாறுவது இந்த மாற்றத்தில்தான். நடுத்தந்தியை ஆள்காட்டி விரலின் அடிச்சதை லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். அழுத்தினால் அதுவும் ஒலிக்கும். ஆக்டேவ் வாசிப்புக்குப் பெயர்பெற்ற முன்னோடி வெஸ் மாண்ட்கோமரி கட்டைவிரலால் வாசித்தார், பென்சன் பிக்கால், அதாவது தந்தியைத் தட்டும் சிறு வில்லையால், வாசிக்கிறார். பிக்கின் தட்டைப் பக்கம் அல்லாமல் விளிம்பு சாய்வாகத் தந்தியில் படும்படி பிடித்துப் பாருங்கள், அடி உருண்டையாக விழும். கழுத்துப் பக்கப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் கருவி) வைத்து டோன் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவர்பைத் தொடவே வேண்டாம், அது பிழையை மறைத்துவிடும்.

பென்சன் பல இடங்களில் அந்த நடுத்தந்தியை அடக்காமல் மூன்றாவது சுரம் ஒன்றையும் சேர்க்கிறார். அதற்கு இப்போது போகாதீர்கள். இரண்டு சுரமும் சுத்தமாக விழுந்தபின், ஹோசே ஃபெலிசியானோ எழுதிய ‘அஃபர்மேஷ’னின் தொடக்க மெட்டை மெதுவான வேகத்தில், முதலில் வாயால் பாடி, பிறகு வாசியுங்கள்.